டேங்க் நிறைய இருக்க, ரேடியேட்டர் காலி: ஒரு சின்ன காரின் கூலன்ட் நிகழ்வு ஆய்வு

"வண்டி தண்ணி குடிக்குது" என்று சொல்லிக்கொண்டுதான் பெரும்பாலோர் என் ஒர்க்‌ஷாப்புக்கு வருவார்கள். இந்தக் காரைக் கொண்டுவந்த டீச்சர் அப்படிச் சொல்லவில்லை. "டேங்குல தண்ணி நெறயக் கெடக்குது தம்பி. பின்ன எதுக்குச் செவப்பு லைட்டு எரியுது?" என்று கேட்டார். இருபது வருடமாக நாகர்கோவில் வடசேரிப் பக்கம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். நோயின் அடையாளத்தை இவ்வளவு சரியாகப் பிடித்துக் கேட்டவர்கள் குறைவு. பதில் கண்டுபிடித்து, வண்டியைச் சரியாக்கிக் கொடுக்க மூன்று நாள் ஆனது. அதில் ஒரு நாள் என் கவனக்குறைவால் போனது. இன்ஜினைக் குளிர வைக்கிற திரவமான கூலன்டை ஊற்றுவது ஒரு வேலையா என்று நினைக்கிறவர்களுக்காக, நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வண்டி ஆயிரம் சிசி, மூன்று சிலிண்டர், பெட்ரோல். வயது எட்டு. ஓடியது 61,000 கிலோமீட்டர். டேஷ்போர்டில் சூடு காட்டும் முள் கிடையாது. இன்ஜின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மேல் சூடானால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். இரண்டுக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. சின்ன கார்களில் எனக்குப் பிடிக்காத ஏற்பாடு இது. முள் இருந்திருந்தால், வழக்கமான இடத்தை விட்டு அது கொஞ்சம் ஏறும்போதே டீச்சர் பார்த்திருப்பார். எதையும் கவனிக்கிறவர் அவர். பெட்ரோல் போட்ட தேதி, கிலோமீட்டர், டயருக்குக் காற்று அடித்த நாள் எல்லாம் ஒரு பள்ளிக்கூட டைரியில் இருக்கிறது. அந்த டைரி இல்லாவிட்டால் இந்த ஆய்வில் பாதி இல்லை.

வீடு ராஜாக்கமங்கலம் பக்கம், கடல் கிட்டத்தில். வேலை நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில். தினமும் போக வர இருபத்தைந்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

மாசிக் கொடை அன்று

மண்டைக்காட்டு அம்மன் கோயில் மாசிக் கொடைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு போய்விட்டுத் திரும்பியிருக்கிறார்கள். கொடை நாட்களில் அந்தச் சாலையில் வண்டி ஓடாது, ஊரும். கேரளத்திலிருந்து வருகிற பஸ்கள், நடந்து போகிறவர்கள், வளையல் கடைகள். ஏசி ஓடுகிறது, உள்ளே ஐந்து பேர். மணவாளக்குறிச்சிக்குள் நுழையும்போது சிவப்பு விளக்கு மினுங்கி, பிறகு நின்று எரிந்தது. டீச்சர் உடனே ஓரம்கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டார். அந்த இன்ஜினைக் காப்பாற்றியது அந்த ஒரு செயல்தான். வீடு இன்னும் கொஞ்ச தூரம்தானே, போய்விடலாம் என்று ஓட்டியிருந்தால் இன்ஜினின் மேல்பகுதியான சிலிண்டர் ஹெட் வளைந்து, வேலை அதற்கு அடியில் இருக்கும் ஹெட் பேக்கிங் வரைக்கும் போயிருக்கும்.

ஊர்ந்து போகும்போது ஏன் சூடேறுகிறது? வேகமாகப் போனால் எதிர்க்காற்று ரேடியேட்டருக்குள் புகுந்து போகும். ஊர்ந்தால் மின்விசிறி மட்டும்தான் துணை. ஏசி போட்டிருந்தால் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிற, ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரும் தன் சூட்டைச் சேர்த்து அதன்மேல் தள்ளும். நெடுஞ்சாலையில் தெரியாத குறை, கூட்டத்துக்குள் பத்தே நிமிடத்தில் வெளியே வந்துவிடும்.

பானெட்டைத் திறந்து பார்த்தால் ரிசர்வ் டேங்கில் ஃபுல் கோட்டுக்கு ஒரு விரல் மேலேயே இருக்கிறது. டீச்சரின் அத்தான் ரேடியேட்டர் மூடியைத் திறக்கக் கை வைத்திருக்கிறார். "தொடாதீங்க அத்தான், கை வெந்துரும்" என்று டீச்சர் தடுத்திருக்கிறார். தடுத்தது நல்லதாயிற்று. இந்த மூடி சாதாரண மூடி கிடையாது. உள்ளே அழுத்தத்தைப் பிடித்து வைக்கிற வால்வு அது. திறந்தவெளியில் 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், வெளிக்காற்றைவிட 0.9 பார் கூடுதலான அழுத்தத்துக்குள் இருக்கும்போது 118 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். அந்தச் சூட்டில் மூடியைத் திறந்தால் அழுத்தம் ஒரே நொடியில் போய்விடும். உள்ளே இருப்பதெல்லாம் கொதித்து, ஆவியும் வெந்நீருமாக முகத்துக்கு நேரே பீறிடும். அப்படி வெந்த இரண்டு பேரை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறேன். ரேடியேட்டரின் மேல் ஹோஸை, அதாவது மேலே போகிற ரப்பர் குழாயை, தொட்டால் கை தாங்குகிற சூடு வரவேண்டும், அமுக்கினால் விறைப்பு இல்லாமல் அமுங்க வேண்டும். அதுவரை மூடியின் பக்கம் போகக் கூடாது. அப்புறமும் கனத்த துணியைப் போட்டுப் பைய முதல் தடை வரை மட்டும் திருப்பி, பிறகு ஒரு நிறுத்தம்.

முக்கால் மணி நேரம் கழித்துத் திறந்திருக்கிறார்கள். உள்ளே தண்ணீர் கண்ணுக்கே தெரியவில்லை. பக்கத்து வீட்டு போர் தண்ணீர் இரண்டு லிட்டர் ஊற்றி, ஏசி போடாமல் வீடு சேர்ந்தார்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு வேறு வழியில்லை, அது தப்பில்லை. அந்தத் தண்ணீரை உள்ளேயே விட்டுவைத்தால்தான் தப்பு.

அதே வாரம் வேறொரு இடத்தில் பழையதை வடித்துவிட்டுப் புதுப் பச்சைக் கூலன்ட் நிரப்பிக் கொடுத்திருக்கிறார்கள். பதினோராவது நாள், பார்வதிபுரம் பாலத்துக்குக் கீழே நெரிசலில், மறுபடி சிவப்பு விளக்கு. டேங்கில் மறுபடி ஃபுல். அதன் பிறகுதான் வண்டி என்னிடம் வந்தது.

டைரியில் இருந்த ஒரு வரி

டீச்சரிடம் நான் கேட்ட முதல் கேள்வி: வண்டியை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து எப்போதாவது பானெட்டைத் திறந்து பார்த்தீர்களா? டைரியைப் புரட்டிக் காட்டினார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒன்றரை மணி நேரம் கழித்து, மனசு கேட்காமல் திறந்து பார்த்திருக்கிறார். "மேல போற ரப்பர் பைப் சூம்பி இருந்தது. காலையில் சரியாக இருந்தது" என்று எழுதியிருந்தார்.

அந்த வரியைப் படித்ததும் பாதி விஷயம் புரிந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன்.

இன்ஜின் சூடாகும்போது கூலன்ட் விரியும். நாலு லிட்டர் கொள்ளும் வண்டியில் அந்த விரிவு ஏறத்தாழ ஒரு டீ கிளாஸ் அளவு. அது மூடியின் அழுத்த வால்வைத் தள்ளிக்கொண்டு, சின்னக் குழாய் வழியாக ரிசர்வ் டேங்குக்குப் போகும். வண்டி குளிரும்போது உள்ளே இருப்பது சுருங்கும், உறிஞ்சல் உண்டாகும். மூடியின் அடியில் நடுவே காலணா அளவில் இன்னொரு குட்டி வால்வு இருக்கிறது. அது திறந்து, போன டீ கிளாஸைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். போனதும் வந்ததும் சரியாக இருந்தால் மாதக்கணக்கில் ஒரு சொட்டுக்கூடக் குறையாது. இன்ஜின் தண்ணீர் குடிப்பதில்லை. குறைந்திருந்தால் அது எங்கோ போயிருக்கிறது என்றுதான் பொருள்.

இந்தக் குட்டி வால்வு ஒட்டிக்கொண்டால், டேங்கிலிருந்து திரும்ப வரும் வழி அடைந்துவிடும். உள்ளே உறிஞ்சல் மட்டும் இருக்கும். அது இளகிய இடத்தை இழுக்கும், அதுதான் மேல் ஹோஸ் சூம்பியது. ஆனால் காலையில் ஹோஸ் பழையபடி இருந்தது என்றால், இராத்திரியில் எங்கிருந்தோ காற்று உள்ளே போயிருக்கிறது. காற்று உள்ளே போகிற இடம், அழுத்தம் இருக்கும்போது கூலன்ட் வெளியே வருகிற இடமாகத்தான் இருக்கும். ஆக இரண்டு குறைகள். ஒன்று மூடியில். இன்னொன்று எங்கோ ஒரு மெல்லிய கசிவு.

டீச்சரின் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ரேடியேட்டரில் காற்று நிறைந்துவிட்டால், விரிகிற கூலன்டுக்கு உள்ளேயே இடம் கிடைத்துவிடும். டேங்குக்குப் போக வேண்டிய தேவை குறைந்துவிடும். டேங்கிலிருந்து எடுக்கவும் வழியில்லை. அதனால் டேங்க் அளவு ஏறாமல் இறங்காமல் அப்படியே நிற்கும். சரியான வண்டியில் டேங்க் அளவு சூட்டுக்கும் குளிருக்கும் கொஞ்சம் மேலே கீழே அசையும். பல நாளாக அசையாமல் நிற்கிற டேங்கைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

முதல் நாள்

வண்டியை முந்தின சாயங்காலமே விட்டுப் போகச் சொல்லியிருந்தேன். காலையில் இன்ஜினைத் தொடாமல் மூடியைத் திறந்தேன். விரல் விட்டால் ஈரம் படவில்லை. கழுத்தின் உள்பக்கம் வெள்ளைப் படிவு. கூலன்ட் பச்சையும் இல்லை, பழுப்பும் இல்லை. குளத்தில் மாடு இறங்கிய தண்ணீர் போல ஒரு நிறம். ஒரு சொட்டை, கலவையின் அடர்த்தியைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் வைத்துப் பார்த்தேன். தண்ணீரோடு பாதிக்குப் பாதி இருக்க வேண்டிய கூலன்ட் கால் பங்குக்கும் கீழே இருந்தது.

மூடியைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தேன். ஓரத்து ரப்பர் வளையம் இறுகி, பழைய செருப்பு வார் மாதிரி வெடித்திருந்தது. நடுவில் இருக்கும் குட்டி வால்வை நகத்தால் இழுத்தேன், வரவில்லை. நல்ல மூடியில் அது லேசாக வெளியே வந்து, விட்டால் 'டிக்' என்று உள்ளே போகும். வண்டி ஆறின நிலையில் இதை யார் வேண்டுமானாலும் வீட்டிலேயே பார்க்கலாம். இங்கே வெள்ளைப் படிவு அதைச் சிமென்ட் போல ஒட்டிவிட்டிருந்தது. டீக்கடையில் பாதி எலுமிச்சம்பழம் வாங்கி இரண்டு சொட்டுப் பிழிந்தேன். நுரைத்துப் பொங்கியது. சுண்ணாம்புப் படிவு. இந்த அளவுக்குப் படிய ஒரு மாதம் போதாது; வருடக்கணக்கில் உப்புத் தண்ணீர் ஏறியிருக்கிறது. டீச்சரிடம் கேட்டேன். "சர்வீஸ் பண்ணும்போது அவுங்களே ஊத்துவாங்க. இடையில கொஞ்சம் கொறஞ்சா நானும் வீட்டுத் தண்ணி ஊத்துவேன்" என்றார். வீட்டுத் தண்ணீர் கடலோரத்து போர் தண்ணீர்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். குலசேகரம், திருவட்டார் பக்கம் ஆற்றோரக் கிணற்றில் இறைக்கிற தண்ணீரும், ராஜாக்கமங்கலம், மணக்குடி, முட்டம் பக்கம் போரில் வருகிற தண்ணீரும் ஒன்று கிடையாது. கடலோரத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து சூட்டில் படிந்து, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அடைக்கும். உப்பில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தின் மேல்தோலைத் துளைத்துக் குழி விழச் செய்யும். இன்றைய சின்ன கார்களில் ரேடியேட்டர் மையம் அலுமினியம், சிலிண்டர் ஹெட் அலுமினியம், மேல் கீழ்த் தொட்டிகள் பிளாஸ்டிக். உப்புத் தண்ணீரைத் தாங்கும் உலோகம் ஒன்றுமே இல்லை.

கசிவைத் தேட, முதலில் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி நிரப்பினேன். 1.3 லிட்டர் ஏறியது. நாலு லிட்டர் வண்டியில் மூன்றில் ஒரு பங்கு காற்றாக ஓடியிருக்கிறது. அப்புறம் கை பம்ப் பொருத்தி 0.9 பார் ஏற்றினேன். பத்து நிமிடத்தில் முள் 0.6க்கு இறங்கியது. கீழே ஒரு சொட்டும் விழவில்லை. என்னிடம் வேலை பழகும் பையன் டார்ச் அடித்துக்கொண்டே, "அண்ணே, இங்க பாருங்க" என்றான். ரேடியேட்டரின் கீழ் ஹோஸ் கழுத்தில், கிளிப்புக்கு அடியில், கடுகளவு ஒரு முத்து மெதுவாக உருண்டு திரண்டுகொண்டிருந்தது. சுற்றிலும் பச்சை கலந்த வெள்ளைப் பொருக்கு. சூடாக ஓடும்போது கசிவது அங்கேயே காய்ந்துவிடும், பொருக்கு மட்டும் மிஞ்சும். அதனால்தான் வீட்டுத் தரையில் ஈரம் தெரியவில்லை.

வேறு பெரிய நோய் இல்லை என்று உறுதிப்படுத்தாமல் பொருள் வாங்கச் சொல்லக் கூடாது. ஆயில் கம்பியில் பால் நிறம் இல்லை, அதாவது ஆயிலில் தண்ணீர் கலக்கவில்லை. இன்ஜினில் எரிந்த வாயு கூலன்டில் கலக்கிறதா என்று சோதிக்கும் குப்பியை ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்த்தேன். ஹெட் பேக்கிங் போயிருந்தால் அதிலுள்ள நீலத் திரவம் மஞ்சளாகும், இங்கே நீலமாகவே இருந்தது. கூலன்டைச் சுற்றவிடும் பம்பான வாட்டர் பாடியில் ஆட்டம் இல்லை, அதன் கசிவுத் துளை காய்ந்திருந்தது. ஃபேன் ஓடியது. ஆக, மூடி, கீழ் ஹோஸ், இரண்டு கிளிப். இவ்வளவுக்குத்தான் இரண்டு தடவை சிவப்பு விளக்கு.

எவ்வளவு ஊற்றுவது என்ற கணக்கு

பழைய ஹோஸைக் கழற்றி, கழுத்தில் இருந்த பொருக்கை நைலான் பிரஷால் மட்டும் தேய்த்து எடுத்தேன். பிளாஸ்டிக் கழுத்து, கத்தி போட்டுச் சுரண்டக் கூடாது. புது ஹோஸ், புதுக் கிளிப், பழையதில் எழுதியிருந்த அதே 0.9 அளவு மூடி. கூடுதல் அழுத்த மூடி போட்டால் நல்லது என்று சிலர் சொல்வார்கள்; பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அதில் வெடிக்கக்கூடும்.

அடுத்தது அலசல். வெறும் ரேடியேட்டரை வடித்தால் முன்னால் இருப்பது மட்டும்தான் போகும். இன்ஜின் கட்டைக்குள் இருப்பது, சூடானால் மட்டும் திறக்கிற வால்வான தெர்மோஸ்டாட்டுக்குப் பின்னால் நிற்கும். அதனால் டிஸ்டில்டு வாட்டர் நிரப்பி, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை இன்ஜினை ஓட்டி, ஆறவிட்டு, வடிக்க வேண்டும். மூன்று முறை செய்தேன், மூன்றாவது முறை தெளிவாக வந்தது. ஒவ்வொரு முறைக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஊற்றிவிட்டுப் போய்விடுகிற இடங்களில் இது நடக்காததற்குக் காரணம் இந்த நேரம்தான்.

கூலன்டில் இரண்டு வகை விற்கிறது. கலந்தே வருவது ஒன்று. அதில் தண்ணீர் சேர்க்கக் கூடாது. அடர் வகை இன்னொன்று. அதில் தண்ணீர் சேர்த்தே ஆக வேண்டும். அலசிய வண்டிக்குக் கலந்து வரும் வகையை ஊற்றினால் ஒரு பிசகு நேரும். இந்த வண்டியின் மொத்தக் கொள்ளளவு 4 லிட்டர். வடித்தால் வந்தது 2.6 லிட்டர். மீதி 1.4 லிட்டர் வெறும் தண்ணீர் உள்ளேயே கிடக்கிறது. கலந்த கூலன்டை 2.6 லிட்டர் ஊற்றினால் அதில் சரக்கு, அதாவது கிளைக்கால் உள்ள அடர் திரவம், 1.3 லிட்டர்தான். நாலில் 1.3 என்றால் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. முந்தின இடத்தில் ஊற்றியது இப்படித்தான் நீர்த்துப்போயிருக்கும் என்பது என் கணிப்பு. எனவே அடர் வகை 2 லிட்டரை முதலில் ஊற்றி, மேலே 0.6 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். உள்ளே இருப்பதோடு சேர்ந்து பாதிக்குப் பாதி.

நம் ஊரில் தண்ணீர் உறையாதே, எதற்கு இவ்வளவு என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் இருப்பது அதன் ஒரு குணம் மட்டும்தான். பாதிக்குப் பாதி கலவை 0.9 பார் அழுத்தத்தில் 125 டிகிரியை ஒட்டித்தான் கொதிக்கும். அதைவிட முக்கியம் அதில் கலந்திருக்கும் துருத் தடுப்பு மருந்து. அலுமினியத்தையும் வாட்டர் பாடியையும் காப்பது அதுதான். அதற்காகச் சரக்கை அதிகம் ஊற்றினாலும் நல்லதில்லை. சூட்டைத் தூக்கிக்கொண்டு போவதில் தண்ணீர்தான் கெட்டிக்காரன். கிளைக்கால் கூடக் கூட அந்தத் திறன் குறையும்.

டீச்சர் போனில், "பச்சையா சிவப்பா தம்பி, எது நல்லது?" என்று கேட்டார். நிறம் சாயம்தான். ஒரே நிறத்தில் இரண்டு கம்பெனி இரண்டு விதமான மருந்து போடலாம். புத்தகத்தில் வண்டிக் கம்பெனி என்ன வகை சொல்லியிருக்கிறது என்று பார்த்து, டப்பாவில் ஐஎஸ் 5759 அல்லது ஜேஐஎஸ் கே 2234 போன்ற தர எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். தெரியாத இரண்டு வகைகளை ஒன்றாகக் கலந்தால் மருந்து முறிந்து, சில சமயம் கூழ்போலத் திரியும். சந்தேகமாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டரை மட்டும் ஊற்றிக்கொண்டு வந்து சேருங்கள்.

நான் தவறவிட்டது

காற்றை வெளியேற்றும் வேலையை வழக்கம்போலச் செய்தேன். வண்டியின் மூக்கை ஒர்க்‌ஷாப் வாசல் சரிவில் மேலே ஏற்றி நிறுத்தி, ரேடியேட்டர் வாயில் புனலைப் பொருத்தி, மூடி போடாமல் இன்ஜினை ஓட்டினேன். குமிழ் குமிழாகக் காற்று வந்தது. மேல் ஹோஸ் சட்டென்று சூடானது, தெர்மோஸ்டாட் திறந்துவிட்டது. புனலில் அளவு இறங்க இறங்க ஊற்றினேன். துணி பிடித்து ஹோஸைப் பிசைந்துவிட்டேன். ஃபேன் இரண்டு முறை ஓடி நின்றது. மூடியைப் போட்டேன்.

மறுநாள் காலையில் திறந்தால் முந்நூறு மில்லி குறைந்திருந்தது. டேங்கும் இறங்கியிருந்தது. எனக்கு முகம் வாடிவிட்டது. இன்னொரு கசிவா? மறுபடி 0.9 பார் ஏற்றி இருபது நிமிடம் பார்த்தேன். முள் அசையவில்லை. கசிவு இல்லை. அப்படியென்றால் உள்ளே எங்கோ அடைபட்டிருந்த காற்று இடம் மாறியிருக்கிறது. அப்போதுதான் ஹீட்டர் ஞாபகம் வந்தது.

ஹீட்டர் என்பது டேஷ்போர்டுக்கு உள்ளே இருக்கும் ஒரு குட்டி ரேடியேட்டர். சில வண்டிகளில் அதற்குள் கூலன்ட் எப்போதும் ஓடும். இந்த வண்டியில் வழியில் ஒரு வால்வு. டேஷ்போர்டில் உள்ள ஹீட்டர் குமிழைச் சிவப்புப் பக்கம் திருப்பினால்தான் திறக்கும். முதல் நாள் நான் குமிழைத் திருப்பியிருந்தேன். ஆனால் பிளோயரைப் போட்டு, வருகிற காற்று சூடா என்று கையை வைத்துப் பார்க்கவில்லை. அந்த ஒரு நிமிடச் சோதனையை விட்டது என் தவறு. இப்போது வைத்துப் பார்த்தேன், குளிர்ந்த காற்று. டீச்சரைக் கூப்பிட்டு ஹீட்டர் வேலை செய்யுமா என்று கேட்டேன். "ஹீட்டரா? கன்னியாகுமரியில இருந்துகிட்டு அத எதுக்குப் போடப் போறேன்? வண்டி வாங்கின நாள்ல இருந்து தொட்டதே இல்ல" என்றார்.

எட்டு வருடம் அசையாத கேபிள் உள்ளே இறுகிப்போயிருந்தது. குமிழ் திரும்புகிறது, வால்வு திறக்கவில்லை. கேபிளைக் கழற்றி எண்ணெய் விட்டு, வால்வைக் கையால் பையப் பைய அசைத்துத் திறந்தோம். இன்ஜினை ஓட்டியதும் ஹீட்டருக்குள் இத்தனை நாள் கிடந்த பழுப்புத் தண்ணீர் புதுக் கூலன்டோடு வந்து கலந்தது. அதைப் பார்த்ததும் வேறு யோசனை வரவில்லை. முந்தின நாள் ஊற்றியதை எல்லாம் வடித்து, மறுபடி அலசி, மறுபடி 2 லிட்டர் ஊற்றினேன். அந்த இரண்டாவது கூலன்டுக்கு டீச்சரிடம் காசு வாங்கவில்லை.

இந்த முறை புனலில் வந்த காற்று வேறு மாதிரி இருந்தது. பெரிய ஒரு ஏப்பம்போல ஒன்று வந்து, அளவு சட்டென்று இறங்கியது. பிளோயரில் கை வைத்தால் சுட்டது. பையனையும் வைத்துப் பார்க்கச் சொன்னேன். இந்த வேலையை எத்தனை முறை செய்தாலும் இனி அந்தக் காற்றைத் தொட்டுப் பார்க்காமல் மூடி போட மாட்டான்.

ஹீட்டருக்கு இன்னொரு உபயோகம் உண்டு, நம் ஊரில் யாருக்கும் தெரியாதது. நெரிசலில் சிவப்பு விளக்கு மினுங்க ஆரம்பித்து, ஓரம்கட்ட இடமில்லாமல் மாட்டிக்கொண்டால், ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, பிளோயரை வேகமாக விடுங்கள். உள்ளே வேர்த்துக் கொட்டும். ஆனால் இன்ஜினின் சூட்டில் ஒரு பங்கு அந்தக் குட்டி ரேடியேட்டர் வழியாக வெளியேறி, ஓரத்துக்குப் போய்ச்சேர நேரம் கிடைக்கும். விளக்கு தானாக அணைந்தால் சரியாகிவிட்டது என்று நம்பி ஓட்டிக்கொண்டே போகாதீர்கள். கூலன்டின் அளவு, சூட்டை அளக்கும் சென்சாரின் மட்டத்துக்குக் கீழே போய்விட்டால், சென்சார் நீரைத் தொடாமல் நிற்கும்; உள்ளே கொதிக்கும்போதும் அது குறைவாகக் காட்டக்கூடும்.

வடித்ததை என்ன செய்வது

டீச்சர், "தென்னைக்கு ஊத்திரலாமா?" என்று கேட்டார். நிறையப் பேர் கேட்பதுதான். கூடவே கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாய், பூனை, கோழி தேடி வந்து நக்கும். உடம்புக்குள் போய் அது அமிலமாக மாறி, சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொஞ்சம் குடித்தாலே உயிருக்கு ஆபத்து. குழந்தைக்கும் அப்படித்தான். தெரியாமல் யாராவது குடித்துவிட்டால், சரியாகிவிடும் என்று காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். குளிர்பான பாட்டிலில் கூலன்டை ஊற்றி வைக்கிற பழக்கத்தைப் பார்த்தால் எனக்கு உடம்பு பதறும். எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்கால் ஒரு குளத்துக்குப் போகிறது. அதில் மாடும் குளிக்கும் மனிதரும் குளிப்பார்கள். வடித்ததை மூடியுள்ள கேனில், கழிவு எண்ணெயோடு கலக்காமல், மேலே பெயர் எழுதி, பூட்டுகிற அறையில்தான் வைக்கிறோம்.

மூன்றாம் நாள்

காலையில் மூடியைத் திறந்தேன். கழுத்து வரைக்கும் நின்றது. டேங்கில் லோவுக்கும் ஃபுல்லுக்கும் நடுவே. இன்ஜின் சூட்டை எண்ணில் காட்டும் ஸ்கேனரை மாட்டி, பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறை வரை ஓட்டினேன். கடைசிப் பகுதி ஏற்றமும் வளைவும், வேண்டுமென்றே ஏசி போட்டு இரண்டாவது கியரில். ரப்பர்த் தோட்டத்துக்குள் ஓரம்கட்டி இருபது நிமிடம் இன்ஜினை ஓடவிட்டேன். 96 டிகிரியில் ஃபேன் ஓடியது, 91ல் நின்றது. மறுபடி 96, மறுபடி 91. பையன் ஸ்கேனரைப் பார்த்து எண்களைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். திரும்பி வந்து இரண்டு மணி நேரம் கழித்துப் பானெட்டைத் திறந்தோம். மேல் ஹோஸ் உருண்டையாக இருந்தது. ஓடும்போது ஏறியிருந்த டேங்க், பேனாவால் நான் போட்ட கோட்டுக்கே திரும்பியிருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கும் முன், ஜூன் முதல் வாரம், டீச்சர் வண்டியைக் காட்ட வந்தார். டைரியில் பன்னிரண்டு திங்கட்கிழமைகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் வண்டியை எடுக்கும் முன் பார்த்த டேங்க் அளவு. எல்லாம் ஒரே கோட்டில். மூடியைத் திறந்து பார்த்தேன்; கழுத்து வரைக்கும், தெளிந்த நிறம். கீழ் ஹோஸ் கிளிப்பைச் சுற்றி விரலால் தடவினேன், காய்ந்திருந்தது. கடைசியாக உள்ளே உட்கார்ந்து ஹீட்டர் குமிழைத் திருப்பினேன். தடை இல்லாமல் போய் வந்தது.

"மாசம் ஒருக்கா ஞாயித்துக்கிழமை அஞ்சு நிமிசம் போட்டு எடுக்கேன் தம்பி," என்றார் டீச்சர். "அதையும் எழுதியிருக்கேன், பாருங்க."